சிறார்க்கும் மாதர்க்கும் ஏற்ற பக்தி நூல்கள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாடிப்பூர உத்ஸவத்தை முன்னிட்டுப் பல ஊர்களிலிருந்தும் எழுந்தருளியுள்ள பாகவதர்களுக்கு அடியேனின் சிறு விண்ணப்பம்.

இத்திருநாள் ஆண்டாளின் அவதாரத் திருநாள். ஸ்ரீவில்லிபுத்தூரில், பெரியாழ்வாரின் நந்தவனத்தில், திருத்துழாய்ச் செடியின் அருகே கண்டெடுக்கப்பெற்ற குழந்தை அவள் என்பது யாவரும் அறிந்த சரித்திரம். அக்குழந்தை எத்தகைய இல்லத்தில் வளர்ந்தது என்பதை நாம் சற்றே சிந்திக்க வேண்டும். பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே பாவித்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடியவர். அம்புலியை விளையாட அழைத்தவர். செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று குழவிப் பருவம் ஒவ்வொன்றையும் பாசுரமாக்கி மகிழ்ந்தவர். காலையும் மாலையும் அப்பாசுரங்களே அவ்வில்லத்தில் ஒலித்திருக்கும். அவற்றைக் கேட்டு வளர்ந்த பெண், திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்றுநாற்பத்து மூன்றும் அருளிச் செய்தாள். இல்லத்தில் எது ஒலித்ததோ, அதுவே குழந்தையின் திருவாயில் மலர்ந்தது.

ஆகவே, நம் இல்லங்களில் எத்தகைய நூல்கள் இருக்கின்றன, அவற்றை நம் குழந்தைகளும் பெண்டிரும் எவ்வாறு வாசிக்கின்றனர் என்பது சிறிய விஷயமன்று. திருத்தேர் நிலைக்கு வந்தபின், வீதியோரக் கடைகளில் விளையாட்டுச் சாமான்களுக்கும் வளையல்களுக்கும் நடுவே பக்தி நூல்கள் பரப்பி வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஊர் திரும்புமுன் ஏதேனும் ஒன்றை வாங்கிச் செல்வது வழக்கம். அட்டைப் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குவதால் நேரும் குறை யாது என்பதை அடியேன் பட்டு உணர்ந்தவன். அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

பேத்தியின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உத்ஸவத்தின்போது, ஆறு வயது நிரம்பிய என் பேத்திக்கு வண்ணப்படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். ஸந்நிதிக்குச் செல்லும் அவசரத்தில் உள்ளே புரட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் முதல் அக்குழந்தை கோயிலுக்கு வர மறுத்தது. கையைப் பிடித்து அழைத்து வந்தால் கொடிமரத்தடியிலேயே நின்று அழத் தொடங்கியது. காரணம் புரியாமல் இரண்டு நாள் திகைத்தோம். மூன்றாம் நாள் இரவு என் மடியில் படுத்துக்கொண்டு, "தாத்தா, தளிகை அமுது செய்விக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு வடையை எடுத்துத் தின்னுட்டேன். பெருமாள் என்னையும் எண்ணெய்க் கொப்பரையில போட்டுடுவாரா?" என்று கேட்டது.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நரகங்களின் படங்கள். இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை என்று ஒவ்வொரு பக்கத்திலும் கொதிக்கும் கொப்பரை, ஈட்டி, பாம்பு. கருட புராணத்தில் ப்ரேத கல்பம் என்னும் பகுதி உண்டு. துக்கம் நிகழ்ந்த வீட்டில் பெரியவர்கள் கூடி வாசிக்கக் கேட்பது அது. அதனை ஆறு வயதுக் குழந்தையின் கையில் படமாக வைத்தவன் அடியேன்தான். ஐம்பது ஆண்டை எட்டியும், பாடசாலையில் படித்தும், நாள்தோறும் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்தும், ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பொறுமை எனக்கு இல்லாமற் போயிற்று.

அன்றிரவு ப்ரஹ்லாதனின் கதையைச் சொன்னேன். தூணைப் பிளந்துகொண்டு வந்ததோடு நிறுத்தவில்லை. நரஸிம்ஹனின் சீற்றம் தணியாதிருந்தபோது தேவர்கள் அனைவரும் நெருங்க அஞ்சி நின்றதையும், பெரிய பிராட்டியாரும் நெருங்கத் தயங்கியதையும், ப்ரஹ்லாதன் என்னும் சிறு பிள்ளை ஒருவன் மட்டும் அஞ்சாமல் அருகே சென்று திருவடியில் விழுந்ததையும், எம்பெருமான் அவன் தலையில் தன் திருக்கையை வைத்ததையும் சொன்னேன். தன்னை அத்தனை துன்புறுத்திய தகப்பனைப் பொறுத்தருள வேண்டும் என்று அப்பிள்ளை வேண்டிக்கொண்டதையும், எம்பெருமான் இசைந்ததையும் சொல்லி முடித்தேன். குழந்தை வெகு நேரம் பேசாதிருந்து, பிறகு, "அப்போ சின்னக் குழந்தைகிட்ட அவருக்குக் கோபம் கிடையாதா?" என்றது. கிடையாது என்றேன். மறுநாள் அதுவாகவே ஸந்நிதிக்குள் வந்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகே, நூல்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடியேன் சிந்திக்கத் தொடங்கினேன். அதன் பயனாகக் கண்ட சில நெறிகளை இங்கே முறையாக எழுதுகிறேன்.

நூலை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது: அச்சத்தால் பக்தியை ஊட்டும் நூலைச் சிறார்க்குத் தரலாகாது. அச்சத்தால் வணங்கியவன் அச்சம் நீங்கியதும் வணக்கத்தையும் விட்டுவிடுவான். நம் ஆழ்வார்களும் ஆசார்யர்களும் எம்பெருமானின் ஸௌலப்யத்தை, அதாவது எளிமையை, முன்னிட்டே நம்மை அழைத்தனர். யசோதை கட்ட முயன்றபோது கயிறு இரண்டு அங்குலம் குறைந்ததும், அவள் களைத்ததைக் கண்டு அவன் தானே கட்டுண்டதும் குழந்தைக்குப் புரியும். யமபடர்களின் ஈட்டி அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இரண்டாவது: பேரம் பேசும் நூலை விலக்க வேண்டும். இத்தனை நாள் வாசித்தால் இன்னது கிட்டும், இடையில் நிறுத்தினால் இன்ன தீங்கு வரும், இதைப் படித்தபின் இத்தனை பேருக்கு அச்சிட்டுத் தராவிடில் குடும்பத்துக்குக் கேடு என்றெல்லாம் எழுதிய சிறு வெளியீடுகள் உண்டு. அக்காலத்தில் தபால் அட்டையில் வந்தது, இன்று கைபேசியில் வருகிறது, வேறுபாடு அவ்வளவே. இவற்றால் பெரிதும் துன்புறுவோர் நம் பெண்டிரே. வீட்டில் ஒருவர்க்கு நோய் வந்தால், தாம் ஒரு நாள் பாராயணத்தை விட்டதே காரணம் என்று எண்ணித் தம்மைத் தாமே நொந்துகொள்ளும் தாய்மாரை ஸந்நிதியில் அடிக்கடி காண்கிறேன். நம் ஸ்தோத்ரங்களில் பலச்ருதி உண்டு, மறுக்கவில்லை. பலச்ருதி என்பது வாசிப்பவனை உற்சாகப்படுத்த வந்தது. வாசிக்காதவனை மிரட்ட வந்ததன்று. மிரட்டும் வாக்கியம் கண்ட நூலைக் கடையிலேயே வைத்துவிடுக.

மூன்றாவது: கதை முழுமையாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். வால்மீகி ராமாயணம் இருபத்து நாலாயிரம் ச்லோகங்கள் கொண்டது. ஸ்ரீமத் பாகவதம் பன்னிரண்டு ஸ்கந்தங்கள். சிறார்க்காகச் சுருக்கும்போது எதையேனும் விடத்தான் வேண்டும். எதை விட்டார்கள் என்பதே கேள்வி. அடியேன் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ராமாயணச் சுருக்கம் ஒன்றை எடுத்தால் மூன்று இடங்களைப் புரட்டுவேன். குஹனைப் பெருமாள் தழுவிக்கொண்டது உள்ளதா? ஜடாயுவுக்குத் தம் கையாலேயே ஸம்ஸ்காரம் செய்தது உள்ளதா? விபீஷணனை ஏற்கலாகாதென்று பிறர் தடுத்தும் அவர் அபயம் அளித்தது உள்ளதா? வேடன், பறவை, பகைவனின் தம்பி ஆகிய மூவரும் இருக்கும் நூலில் ராமன் இருக்கிறான். மூவரையும் விட்டுவிட்டு அம்புகளையும் அரக்கர்களையும் மட்டும் வைத்திருக்கும் நூலில் யுத்தம் இருக்கிறது, ராமன் இல்லை.

ப்ரஹ்லாத சரித்திரத்துக்குச் சோதனை முன்னமே சொன்னேன்: தகப்பனுக்காகப் பிள்ளை வேண்டிக்கொண்டது இருக்க வேண்டும். த்ருவ சரித்திரத்தில், சிற்றன்னை ஸுருசியின் சொல்லால் புண்பட்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் தாய் ஸுநீதி, பிறர்க்குத் தீங்கு நினையாதே என்று முதலில் சொல்லிப் பிறகே எம்பெருமானை நாடச் சொன்னாள். அவ்வொரு வார்த்தை விடுபட்டால் அது பொறாமையும் பிடிவாதமும் வென்ற கதையாகிவிடும்.

நான்காவது: நிந்தனை உள்ள நூல் சிறார் கைக்கு எட்டலாகாது. பிற மதத்தினரை இகழ்வது மட்டுமன்று. நம்முள்ளேயே கலை பேதம் பற்றி எழுந்த கண்டன நூல்களும் இதில் அடங்கும். பெரியோர்கள் சாஸ்த்ரார்த்தம் பற்றி வாதிட்டனர். ஒருவர்க்கொருவர் மதிப்புக் குறையாமல் வாதிட்டனர். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வாதத்தின் ஸாரம் விளங்காது. ஏச்சு மட்டும் மனத்தில் தங்கும். எதிர்த்த வீட்டுப் பிள்ளையின் நெற்றியைப் பார்த்து அவனோடு விளையாட மறுக்கும் பிள்ளை வைஷ்ணவன் ஆகமாட்டான்.

ஐந்தாவது: எழுத்தும் அச்சும். இது அற்பமென்று எண்ணற்க. ஸம்ஸ்க்ருத ஸ்தோத்ரங்களைத் தமிழெழுத்தில் அச்சிடும்போது, ஒரே 'க' நான்கு ஒலிகளுக்கு நிற்க நேர்கிறது. 'கதா' என்று மொட்டையாக அச்சிட்டால் அது கதையா, எம்பெருமான் திருக்கையில் உள்ள தண்டாயுதமா என்று குழந்தைக்குத் தெரியாது. 'பலம்' என்பது வலிமையும் ஆகலாம், பழமும் ஆகலாம். இதற்காகவே எழுத்தின்மேல் 2, 3, 4 என்ற சிறு எண்களை இட்ட பதிப்புகள் உள்ளன, அவற்றையே வாங்குக. சிறு வயதில் தவறாகப் பதிந்த உச்சரிப்பைப் பிற்காலத்தில் திருத்துவது மிகக் கடினம் என்பது பாடசாலையில் பயின்ற எவரும் அறிவர்.

தமிழ்ப் பாசுரங்களுக்கோ பதம் பிரித்த பதிப்பு வேண்டும். பழைய அச்சுகளில் ஸந்தி சேர்ந்து ஓரடி முழுதும் ஒரே சொல்போல ஓடும். கற்றவர்க்கு அது தடையன்று. புதிதாக வாசிப்போர் மலைத்துப் போவர். 1950களில் மர்ரே எஸ். ராஜம் அவர்கள் நாலாயிர திவ்யப் பிரபந்தம் உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களைப் பதம் பிரித்து, மலிவு விலையில் வெளியிட்டது பெரிய உபகாரம். அதன்பின் பலரும் அம்முறையைப் பின்பற்றினர். வாங்குமுன் ஒரு பாசுரத்தை வாய்விட்டுப் படித்துப் பார்க்க. நாக்கு தடுக்காமல் ஓடினால் அது நல்ல பதிப்பு. பக்க எண்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுவது நலம். பாரம் ஒன்று விடுபட்டுப் பதினாறு பக்கம் இல்லாத பிரதிகள் உத்ஸவக் கடைகளில் கலந்து கிடப்பதுண்டு.

பருவத்துக்கேற்ற வரிசை

எழுத்தறியாத மூன்று முதல் ஐந்து வயது வரை செவியே புத்தகம். தாய் பாடிக் காட்டும் பெரியாழ்வார் திருமொழியின் குழவிப் பருவப் பாசுரங்களே இப்பருவத்துக்கு உரியவை. பொருள் கூற வேண்டியதில்லை. அடியேன் எட்டு வயதில் பாடசாலையில் சேர்ந்தபோது, சப்த ரூபங்களையும் அமரகோசத்தையும் பொருள் ஏதும் அறியாமலே ஒப்பித்தேன். பொருள் பின்னால் வந்தது. வந்தபோது அமர்வதற்கு இடம் ஆயத்தமாக இருந்தது.

ஆறு முதல் ஒன்பது வயது வரை சிறு கதைகள். இங்கே புராணக் கதைகளோடு நம் ஆசார்யர்களின் இளமைக் கதைகளையும் சேர்க்க வேண்டுகிறேன். பராசர பட்டர் சிறு பிள்ளையாயிருக்கையில், எல்லாம் அறிந்தவர் என்று விருது கூறிப் பல்லக்கில் வந்த பண்டிதரை வழிமறித்து, ஒரு பிடி மணலைக் காட்டி, இது எவ்வளவு என்று கேட்டாரென்றும், அவர் திகைக்க, ஒரு பிடி என்று சொல்ல அறியீரோ என்றாரென்றும் குருபரம்பரை கூறும். இதைக் கேட்டுச் சிரியாத குழந்தையை அடியேன் கண்டதில்லை. ஸ்ரீவத்ஸ்ய வரதாசார்யர் தேவப்பெருமாளுக்குப் பாலை ஒரு தாயைப் போலப் பதமாக ஆற்றி ஸமர்ப்பித்ததால், அப்பெருமாளாலேயே 'அம்மாள்' என்று அழைக்கப்பெற்று நடாதூர் அம்மாள் ஆனார் என்பதும் குழந்தைக்கு எளிதில் விளங்கும். படக்கதை நூல்களை அடியேன் வெறுப்பவனல்லேன். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா நம் தலைமுறைக்குக் கதை ருசியை ஊட்டியது. இன்று அது வெளிவருவதில்லை. 1967இல் தொடங்கிய அமர் சித்ர கதா வரிசை பல மொழிகளில் பரவியது. படம் கதைக்கு வாயிலாக இருக்கலாம். வாயிலிலேயே நின்றுவிடாமல் உள்ளே அழைத்துச் செல்வது நம் கடமை.

பத்து முதல் பதினான்கு வரை முழு இதிஹாசங்களை வசன நடையில் வாசிக்கும் பருவம். ராஜாஜி எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் ஸாஹித்ய அகாதமியின் பரிசு பெற்றது. வால்மீகியைத் தழுவி, ஆங்காங்கே கம்பனையும் காட்டி, பிள்ளைகளுக்கு எட்டும் நடையில் எழுதப்பட்ட நூல் அது. இப்பருவத்தில் திருப்பாவை முப்பதும் மனனம் ஆகிவிட வேண்டும். மார்கழியில் நாளுக்கு ஒன்றாகப் பொருளும் சொல்லிக்கொடுத்தால் ஒரே மாதத்தில் நிறைவுறும். உடையவரே இதில் ஈடுபட்டுத் திருப்பாவை ஜீயர் என்று பெயர் பெற்றார் என்பதையும் சொல்லுக. அமலனாதிபிரானும் கண்ணிநுண்சிறுத்தாம்பும் பத்து, பதினொன்று பாசுரங்களே கொண்டவை. அடுத்தபடியாக வைக்கத் தக்கவை. நாச்சியார் திருமொழியைப் பக்குவம் வந்தபின், வ்யாக்யானத்தின் துணையோடு வாசிப்பதே முறை.

பதினைந்துக்கு மேல் கீதை. எழுநூறு ச்லோகங்களையும் ஒரு மூச்சில் ஒப்பிக்கச் செய்வதைவிட, அர்ஜுனன் ஏன் கலங்கினான் என்பதைப் பிள்ளையோடு அமர்ந்து பேசுவது பயன் தரும். அவ்வயதில் அவர்களுக்கும் கலக்கம் உண்டு. 1923இல் கோரக்பூரில் நிறுவப்பெற்ற கீதா பிரஸ் குறைந்த விலையில் தமிழிலும் நூல்களைத் தருகிறது. அத்துடன் நம் ஸம்ப்ரதாயப் பொருளையும் ஓர் ஆசார்யரிடம் கேட்டறிதல் அவசியம்.

மாதர்க்கு உரியவை

சிறாரையும் மாதரையும் ஒரே தொடரில் சேர்த்துச் சொல்வது நம் பழைய வழக்கம். அடியேனும் தலைப்பில் அவ்வாறே எழுதினேன். ஆயின் இருவர்க்கும் அறிவு ஒரு தரத்தது என்று கருதி அவ்வாறு சொல்வது பெரும்பிழை. அப்பிழையை அடியேனும் செய்தவனே.

என் தாயார் எழுத்தறியாதவர். திருப்பாவை முழுவதும் செவிவழியே அவருக்குப் பாடம். பாடசாலை விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என்னிடம் ஒரு நாள், "நீ படிக்கிற எழுத்தை எனக்கும் கொஞ்சம் காட்டேன்" என்றார். பதினான்கு வயதுச் செருக்கில் நான், "உனக்கு எதுக்கம்மா அதெல்லாம்? காதால கேட்டதே போறாதா?" என்றேன். அவர் மறுமொழி கூறாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு என் மனையாள்தான் அவருக்கு எழுத்துக் கற்பித்தாள். அறுபது வயதைக் கடந்தபின், பெரிய எழுத்துத் திருப்பாவைப் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தமக்கு முன்னமே பாடமான பாசுரத்தை ஓரெழுத்து ஓரெழுத்தாக விரல் வைத்து அவர் வாசித்தார். முதல் பாசுரத்தை முடித்துவிட்டு, "நான் சொல்லிண்டிருந்தது சரியாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அவர்க்கு அந்த நிறைவை ஏறத்தாழ முப்பதாண்டுகள் தடுத்து வைத்தவன் அடியேன்.

நம் குருபரம்பரையில் இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்த ஒருவர், முப்பது வயதுக்கு மேலும் எழுத்தறியாதிருந்தார். வந்திருந்த வித்வான்களிடம், எந்த நூலை வாசிக்கிறீர் என்று அவர் வினவ, அவர்கள் எள்ளலாக 'முஸல கிஸலயம்', அதாவது உலக்கைக் கொழுந்து, என்று இல்லாத நூலைச் சொன்னார்கள். அவர் அதைப் பிள்ளையிடம் விண்ணப்பிக்க, பிள்ளை இரங்கி அவர்க்கு எல்லாம் கற்பித்தார். அவரே பிற்காலத்தில் வாதிகேசரி அழகிய மணவாள ஜீயராகித் திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி அருளினார். மற்ற வ்யாக்யானங்கள் கருத்தை விரித்துச் செல்ல, இவரோ சொல்லுக்குச் சொல் பொருள் உரைத்தார். கல்லாதவனின் தடுமாற்றத்தை அறிந்தவர் ஆகையால் அவ்வழி அவருக்குத் தோன்றியது போலும். உலக்கையும் தளிர்க்கும்; கற்பிப்பார்தான் வேண்டும்.

பிள்ளை லோகாசார்யர், ஸம்ஸ்க்ருதம் கல்லாதாரும் மாதரும் எளிதில் உணர வேண்டும் என்னும் கருணையால் பதினெட்டு ரஹஸ்ய க்ரந்தங்களை மணிப்ரவாளத்தில் அருளினார் என்பர் பெரியோர். வேதாந்த தேசிகரும் ரஹஸ்ய த்ரய ஸாரத்தை அந்நடையிலேயே அருளினார். ஆகவே பெண்டிர்க்கு விரதக் கதைப் புத்தகம் போதும் என்பது நம் ஆசார்யர்களின் கருத்தன்று. கேட்கும் அதிகாரத்தை அவர்கள் அளித்தார்கள்; நாம்தாம் புத்தகத்தை எட்டாத உயரத்தில் வைத்தோம்.

இல்லத்துப் பணியும், பலர்க்கு அலுவலகப் பணியும் சேர்ந்த இக்காலத்தில், மாதர்க்கு நீண்ட நேரம் கிட்டுவது அரிது. எனவே சிறு சிறு பகுதிகளாக வாசிக்கத் தக்க நூல் ஒன்றைச் சொல்கிறேன்: திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம். மதுரகவி ஆழ்வார் அவதரித்த திருக்கோளூருக்கு உடையவர் எழுந்தருளியபோது, அவ்வூரை விட்டுப் புறப்பட்ட ஒரு பெண்மணி எதிரே வந்தாள். யாவரும் வந்து சேர விரும்பும் ஊரை விட்டு நீ ஏன் போகிறாய் என்று அவர் வினவ, அடியவர் எண்பத்தொருவரின் செயல்களை ஒவ்வொன்றாகக் கூறி, இவற்றில் ஒன்றும் செய்யாத நான் இங்கிருந்து என்ன பயன் என்றாள். உடையவர் வியந்து அவளைத் திரும்ப அழைத்துச் சென்றார். அவள் சொன்ன எண்பத்தொரு வார்த்தைகளும் தமிழ் விளக்கத்தோடு அச்சில் உள்ளன. ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் ஒரு கதை. நாளொன்றுக்கு ஒன்று என வாசித்தால் எண்பத்தொரு நாளில் இதிஹாஸ புராணங்களும் ஆழ்வார் ஆசார்யர் வைபவமும் ஒருவாறு அறிந்ததாகும். வாசித்ததை இரவில் குழந்தைக்குச் சொன்னால் இருவர்க்கும் ஒரே நூல் பயன்படும். இத்தனை ஞானத்தையும் சொன்னவள் பெயர் தெரியாத ஓர் ஊர்ப் பெண் என்பதையும் மறவாதிருப்போமாக.

ஸுந்தர காண்டம் பாராயணம் செய்யும் மாதர் பலர். அவர்கள் வாங்கும் நூலுக்கும் ஒரு சோதனை சொல்வேன். அந்நூலில் ஸீதாப்பிராட்டி பேசுகிறாளா? அழுவதை மட்டும் எழுதிவிட்டு அவள் சொன்னதை விட்ட நூல்கள் பல. ராவணனைத் துரும்பை முன்னிட்டுப் பேசினவள் அவள். திருவடி தம் தோளில் சுமந்து செல்ல முன்வந்தும் இசையாதவள். யுத்தம் முடிந்தபின், பத்து மாதம் தன்னை வருத்திய அரக்கியரைத் தண்டிக்க அனுமதி கேட்ட அதே திருவடியைத் தடுத்து, அவர்களைக் காத்தவளும் அவளே. வால்மீகி பகவானே தம் காவியத்தை ஸீதையின் பெருஞ்சரித்திரம் என்று குறித்தார். அதை உணர்த்தும் நூலே மாதர்க்கு உரியது.

மேலும் கற்க விரும்புவோர்க்குக் காஞ்சீபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் ஸ்வாமி (1891–1983) நாலாயிரத்துக்கும் எழுதிய திவ்யார்த்த தீபிகை உள்ளது. முன்னோர் வ்யாக்யானங்களின் ஸாரத்தை எளிய தமிழில் தருவது. முதியோர்க்கு வாங்கும்போது பொருளாழத்தைப் பார்ப்பதற்கு முன் எழுத்தின் அளவைப் பார்க்க. கண் மங்கியவர்க்குச் சிற்றெழுத்துப் புத்தகம் கொடுப்பது பசித்தவனுக்குப் பூட்டிய பெட்டியில் அன்னம் கொடுப்பது போலாம்.

வாசிக்கும் முறை

நல்ல நூலை வாங்கி அலமாரியில் வைத்து மஞ்சள் குங்குமம் இடுவதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். திருவிளக்கு ஏற்றியபின் கால்மணி நேரம் இல்லத்தார் அனைவரும் அமர, ஒருவர் வாய்விட்டு வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் தினமும் மாறட்டும். ஆண்மக்களும் அமர வேண்டும். பக்தி நூல் பெண்டிர்க்கும் பிள்ளைக்கும் மட்டும் உரியது, எனக்கன்று என்று தகப்பன் எழுந்து போனால், பிள்ளை அதையே கற்றுக்கொள்ளும். கைபேசியிலும் இன்று உபந்யாஸங்களும் பாசுரங்களும் கிடைக்கின்றன; நல்லாரிடமிருந்து வந்தவையாயின் கேட்கலாம். ஆனால் குழந்தை இடையில் ஒரு கேள்வி கேட்டால் கைபேசி நில்லாது. தாயும் தகப்பனும் நிறுத்திப் பதில் சொல்வர். தெரியாவிடில், பெரியவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு பாடமே.

ப்ரஹ்லாதன் எங்கே கற்றான்? சண்டனும் அமர்க்கனும் நடத்திய பள்ளியில் அவனுக்குக் கிடைத்த பாடம் வேறு. நாரத மஹர்ஷியின் ஆச்ரமத்தில் அவன் தாய் கயாது கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றிலிருந்து அவன் கற்றான். தாய் கேட்டது சேய்க்குச் சேர்ந்தது. ஆதலால் மாதர்க்கு ஏற்ற நூல், சிறார்க்கு ஏற்ற நூல் என்னும் இரண்டும் முடிவில் ஒன்றே. தாயின் செவிக்கு நல்லதைக் கொடுத்தால் பிள்ளையைப் பற்றிய கவலை பாதி தீரும்.

உத்ஸவம் முடிந்து ஊர் திரும்பும் பாகவதர்கள், புத்தகக் கடையில் சிறிது நின்று, அட்டையைத் திறந்து, நான்கு பக்கம் வாசித்துப் பார்த்து வாங்குமாறு வேண்டுகிறேன். அடியேன் செய்யத் தவறியது அது ஒன்றே. சூடிக்கொடுத்த நாச்சியார் திருவருளால் தங்கள் இல்லங்களில் நல்ல ஒலி நிலைபெறுவதாக.

அடியேன்.
சுபம்.